‘வர்றேன்’ என்றால் போகிறேன்

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் விருந்தாளி ‘அப்ப நான் வர்றேன்’ என்றால், அவர் கிளம்புகிறார். அதே ஆள் காலையில் தொலைபேசியில் ‘வர்றேன்’ என்று சொன்னபோது, வீட்டில் அரை டம்ளர் அரிசி கூடுதலாகக் களைந்து வைத்தார்கள். எந்த அகராதியும் ‘வா’ என்ற வினைக்குப் ‘போ’ என்று பொருள் எழுதுவதில்லை. ஆனாலும் வாசலில் நிற்பவரைப் பார்த்து ‘இன்னும் எங்கே வரப்போகிறீர்கள்?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘போறேன்’ என்று சொல்லிப் புறப்படுவது மங்கலக் குறைவு என்ற வழக்கம், இடம், நேரம், காலில் ஏறிய செருப்பு எல்லாம் சேர்ந்து அந்தச் சொல்லின் திசையைத் திருப்பிவிடுகின்றன.

சொல்லைச் சுற்றியுள்ள இவற்றையெல்லாம் சேர்த்து மொழியியலார் சூழல் என்கிறார்கள். யார் பேசுகிறார், யாரிடம், இருவருக்கும் என்ன உறவு, எந்த இடம், எந்த வேளை, சற்று முன்பு என்ன பேச்சு நடந்தது என்பவை அதன் வெளிப்படையான பகுதிகள். கண்ணுக்குத் தெரியாத பகுதி ஒன்றும் உண்டு: இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவை. பேச்சில் பெரும்பங்கு வேலையைச் செய்வது இந்தக் கடைசிப் பகுதிதான். சூழலால் பொருள் மாறுவது கவிதைக்கும் சிலேடைக்கும் மட்டும் உரிய விசேஷம் என்று நினைப்பவர்கள் உண்டு. மளிகைக்கடைப் பேச்சும் அதே வழியில்தான் நடக்கிறது.

சுட்டும் சொற்கள்

சூழல் இல்லாவிட்டால் பொருளே இல்லாத சொற்கள் சில உள்ளன. நான், நீ, இங்கே, அங்கே, இன்று, நாளை போன்றவை அப்படிப்பட்டவை. ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று பல கடைகளில் பலகை தொங்கும். அது ஒரு நாளும் பொய்யாவதில்லை. அதை நம்பி ஒருவரும் கடன் வாங்கியதுமில்லை. ‘நாளை’ என்ற சொல் எந்த ஒரு தேதியின் பெயரும் அல்ல. பேசும் நாளுக்கு அடுத்த நாளைத் தேடிக்கொள் என்று ஒரு வழியை மட்டும் அது சொல்கிறது. பலகை தினமும் புதிதாகப் பேசுவதால் அந்த நாள் வருவதேயில்லை.

தமிழ் இந்த வேலையில் ஒரு பகுதியை இலக்கணத்துக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. ‘நாங்க சினிமாவுக்குப் போறோம்’ என்று அம்மா சொன்னால் குழந்தை அழத் தொடங்கும். ‘நாம’ என்றால் சட்டை மாற்ற ஓடும். கேட்பவரைச் சேர்த்துக்கொள்வதா விலக்குவதா என்ற இந்த வேறுபாட்டை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிட்டுச் சூழலின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. எதை இலக்கணத்தில் வைப்பது, எதைச் சூழலுக்கு விடுவது என்பதில் ஒவ்வொரு மொழியும் தனக்கென்று ஒரு பங்கீடு வைத்திருக்கிறது.

ஒரு சொல், பல பொருள்

‘தண்ணி வந்துடுச்சா?’ என்பது சென்னைத் தெருவில் குடங்களோடு நிற்பவரின் கேள்வி. ஜூன் 12 நெருங்கும்போது காவிரிப் படுகையில் அதே கேள்வி மேட்டூர் அணையைப் பற்றியது. ‘தண்ணி போட்டிருக்கான்’ என்பதில் வருவது வேறு திரவம். ‘தண்ணி காட்டிட்டான்’ என்பதில் திரவமே கிடையாது. ‘வீட்டுக்காரர் ஊரில் இல்லை’ என்று ஒரு பெண் சொன்னால் அது கணவரா, வாடகை வாங்குபவரா என்பது முந்தைய பேச்சைக் கேட்டவருக்கே தெரியும். ‘பாவம்’ இன்னும் சுவையானது. புண்ணியத்துக்கு எதிரானதும், இரக்கப்பட்டுச் சொல்வதும், நாட்டியத்தில் முகத்தில் வருவதும் எழுத்தில் ஒன்றே. மூன்றாவதை வாசிக்கும்போது பலர் முதலெழுத்தை வல்லோசை தளர்த்தி ஒலிக்கிறார்கள். ஆக, பொருளோடு ஒலியையும் சூழலே முடிவு செய்கிறது.

பலபொருள் ஒருசொல் எப்படித் தெளிவாகிறது என்பதைத் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் கிளவியாக்கத்தில் பேசுகிறது. அது காட்டும் வழிகள் மூன்று: உடன் வரும் வினை, இனமான சொல், சார்பு. ‘மா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ‘மா பூத்தது’ என்றால் வினையே அதை மரமாக்கிவிடும். ‘மாவும் பலாவும்’ என்றால் பக்கத்துச் சொல் அதைச் செய்யும். போருக்குக் கிளம்பும் வீரன் ‘மா கொண்டு வா’ என்றால் வினையும் உதவாது, இனமும் உதவாது. பேசுபவன் நிற்கும் நிலைதான் குதிரையைக் காட்டும். முதல் இரண்டும் வாக்கியத்துக்குள் இருக்கும் சூழல், மூன்றாவது வெளியே இருக்கும் சூழல். இன்றைய மொழியியலும் இந்த இரண்டையும் பிரித்தே பேசுகிறது. 20ஆம் நூற்றாண்டில் லண்டனில் பணியாற்றிய ஜே. ஆர். ஃபர்த், ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்தே அறிய முடியும் என்ற கருத்தை 1957இல் முன்வைத்தார். தொல்காப்பியர் ‘இனம்’ என்றதற்கு அது வெகு தொலைவில் இல்லை.

பேசும் கூட்டமும் ஒரு சூழலே. ஒரு கூட்டம் தனக்குள் மட்டும் வேறு பொருளில் வழங்கும் சொல்லை நன்னூல் குழூஉக்குறி என்கிறது. பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்றும் யானைப்பாகர்கள் ஆடையைக் ‘காரை’ என்றும் சொல்வார்கள் என்பவை உரைகளில் வரும் உதாரணங்கள். கூட்டம் பெரிதாகி ஒரு நாடாகவும் இருக்கலாம். ‘அப்பா பேசினார்’ என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை சொன்னால் அப்பா திட்டியிருக்கிறார். சாதாரணமாகப் பேசியிருந்தால் ‘கதைத்தார்’ என்றிருக்கும். சென்னையில் ‘கதை விடுறான்’ என்றால் பொய் சொல்கிறான்.

மூளை எப்போது முடிவு செய்கிறது?

ஒரு சொல் காதில் விழுந்ததும் தேவையான பொருள் மட்டும் நினைவில் எழுகிறதா, எல்லாப் பொருள்களும் எழுந்து பிறகு வேண்டாதவை அடங்குகின்றனவா? 1979இல் டேவிட் ஸ்வின்னி இதைச் சோதித்தார். பூச்சி என்றும் ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் இருபொருள் தரும் ஓர் ஆங்கிலச் சொல், பூச்சிதான் என்று தெளிவாகும் கதைக்குள் வைக்கப்பட்டது. அந்தச் சொல் ஒலித்த கணமே திரையில் ஒரு சொல் மின்னும். அது உண்மையான சொல்தானா என்று கேட்பவர் சொல்ல வேண்டும். ‘எறும்பு’, ‘உளவாளி’ என்ற பொருளுள்ள இரண்டு சொற்களையுமே அவர்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். மூன்று அசைகள் கழித்துத் திரையில் காட்டியபோது எறும்புக்கு மட்டுமே அந்த வேகம் இருந்தது, உளவாளி மறைந்துவிட்டார். ஒரு நொடிக்கும் குறைவான அந்த இடைவெளியில், கேட்பவர் அறியாமலே, சூழல் வேண்டாத பொருளை அகற்றியிருந்தது.

மூளையின் மின்னலைகளை அளந்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். எதிர்பாராத சொல் வாக்கியத்தில் வந்தால், ஏறத்தாழ 400 மில்லிநொடியில் ஒரு குறிப்பிட்ட அலை எழுகிறது. மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல் இதை வெளியிட்டனர். நெதர்லாந்தில் 2004இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கொண்டு பொது அறிவைச் சோதித்தது. அந்த நாட்டு ரயில்கள் மஞ்சள் நிறம் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். ‘ரயில்கள் புளிப்பு’ என்ற பொருளற்ற வாக்கியத்துக்கு எழுந்த அலை, ‘ரயில்கள் வெள்ளை’ என்ற பொருளுள்ள, ஆனால் உண்மையல்லாத வாக்கியத்துக்கும் அதே வேளையில் எழுந்தது. முதலில் சொற்பொருள், பிறகு உலக அறிவு என்று மூளை வரிசை வைப்பதில்லை.

அந்த நாட்டிலிருந்தே 2006இல் வந்த சோதனை இதைவிட வேடிக்கையானது. ஆடிப்பாடும் ஒரு வேர்க்கடலை, தான் சந்தித்த ஒரு பெண்ணைப் பற்றிப் பாடுவதாக ஒரு சிறுகதை. கதையின் முடிவில் ‘வேர்க்கடலை உப்பிட்டிருந்தது’ என்று வந்தபோது மூளை திடுக்கிட்டது. ‘காதலில் இருந்தது’ என்று வந்தபோது அமைதியாக ஏற்றுக்கொண்டது. வேர்க்கடலை பற்றி ஒரு வாழ்நாளில் சேர்த்த அறிவை ஐந்தாறு வாக்கியங்களின் கதை தள்ளிவிட்டது. அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய வியப்பாக இராது.

சொல்லாததைக் கேட்பது

பெண் வீட்டார் ஒரு வரனை விசாரிக்கிறார்கள். ‘பையன் எப்படி?’ பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்: ‘அவங்க அப்பா தங்கமான மனுஷர்.’ அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்துவிடும். பையனைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனாலும் செய்தி தெளிவாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எப்படிச் சேர்ந்தது என்பதற்கு ஒரு கணக்கைக் காட்டியவர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பால் கிரைஸ். 1967இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளில் இந்தக் கருத்து வந்தது. அந்தப் பகுதி 1975இல் அச்சானது. உரையாடுகிறவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துழைக்கிறார்கள் என்பது அவருடைய தொடக்கம். தேவையான அளவு சொல்வார், உண்மையைச் சொல்வார், தொடர்புள்ளதைச் சொல்வார், தெளிவாகச் சொல்வார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இவை கட்டளைகள் அல்ல. எதிர்பார்ப்பு இருப்பதாலேயே அதை மீறும்போது ஒரு பொருள் பிறக்கிறது. கேட்டது பையனைப் பற்றி. வந்தது அப்பாவைப் பற்றி. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பையனைத் தெரியும், பதில் சொல்லவும் விருப்பம் உண்டு. நல்லது இருந்தால் சொல்லியிருப்பார். கெட்டதை வாய்விட்டுச் சொல்ல மனமில்லை. இத்தனை படிகளையும் கேட்பவர் மூச்சு விடும் நேரத்தில் ஏறிவிடுகிறார்.

இப்படிப் பெறும் பொருளுக்கு ஓர் அடையாளம் உண்டு: அதைச் சொன்னவரே திரும்பப் பெறலாம். ‘...பையனும் அப்பா மாதிரிதான்’ என்று அடுத்த மூச்சில் சேர்த்துவிட்டால் சம்பந்தம் பிழைக்கும், முரண்பாடும் இராது. ‘கூட்டத்துக்கு மூணு பேர் வந்தாங்க’ என்பதும் இப்படித்தான். பத்துப் பேர் வந்திருந்தாலும் மூன்று பேர் வந்தது பொய்யாகாது. ஆனால் பத்துப் பேர் வந்திருந்தால் பத்து என்றே சொல்லியிருப்பார் என்பதால், மூன்றுக்கு மேல் இல்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். டம்ளரை உடைத்த பிள்ளையிடம் ‘நல்ல வேலை பண்ணினே’ என்பதில் மீறப்படுவது உண்மை என்ற எதிர்பார்ப்பு. தரையில் கிடக்கும் கண்ணாடித் துண்டுகள் மீதியைச் சொல்லிவிடும்.

பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஏதோ நினைவுக்கு வரும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் விடையை எட்டாகப் பிரித்தார். சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஐந்தும் கேட்டதற்கு நேராக விடை சொல்லாதவை. ஆனாலும் அந்தப் பொருளைத் தருவதால் விடையாகவே கொள்ளப்படும் என்பது நூற்பாவின் முடிவு. ‘கடைக்குப் போவாயா?’ என்றால் ‘நீயே போ’ (ஏவல்), ‘போகாமல் இருப்பேனா?’ (வினாதல்), ‘கால் வலிக்கிறது’ (உற்றது), ‘கால் வலிக்கும்’ (உறுவது). ‘ஆடுவாயா?’ என்றால் ‘பாடுவேன்’ (இனமொழி). பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது இந்தக் கடைசி வகையை ஒட்டியது. கிரைஸ் கண்டதையெல்லாம் நன்னூல் அன்றே சொல்லிவிட்டது என்று மார்தட்டுவது சரியாகாது. நன்னூல் வகைகளை அடுக்கியது. கேட்பவர் எந்தப் படிகளில் ஏறிப் பொருளை அடைகிறார் என்பதை விளக்கியது கிரைஸ். ஆனால் பேச்சில் விளக்கப்பட வேண்டிய புதிர் எங்கே இருக்கிறது என்பதைத் தமிழ் இலக்கணம் சரியாகவே கண்டிருந்தது.

கேள்வி என்ற போர்வையில்

ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் பேசியபோது, சொல்வதே ஒரு செயல் என்பதை எடுத்துக்காட்டினார். வாக்குக் கொடுப்பது, பெயர் சூட்டுவது, மன்னிப்புக் கேட்பது எல்லாம் வாயால் நடக்கும் செயல்கள். அவர் 1960இல் காலமானார். உரைகள் 1962இல் நூலாயின. வாக்கியத்தின் வடிவத்தைப் பார்த்து அது செய்யும் செயலைச் சொல்லிவிட முடியாது என்பது இந்த வழியில் வந்த முக்கியமான தெளிவு.

‘பச்சரிசி இருக்கா?’ என்ற இரண்டு சொல் போதும் இதைக் காட்ட. கடைக்காரரிடம் பையை நீட்டியபடி கேட்டால் அது வாங்கும் பேச்சு. ஊரிலிருந்து மூட்டையோடு வந்த பெரியப்பா அடுக்களையை எட்டிப் பார்த்துக் கேட்டால் தரப்போகிறார். பொங்கலுக்கு முந்தின நாள், நாற்காலியில் சாய்ந்திருக்கும் கணவனிடம் மனைவி கேட்டால் அவன் எழுந்து சட்டை போட வேண்டும். புதிதாகக் குடிவந்த மருமகள் மாமியாரிடம் கேட்டால்தான் அது உண்மையில் தெரியாமல் கேட்பது. நன்னூலின் வினாவகை ஆறில் கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா, அறியா வினா நான்கும் இந்த ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிட்டன. மீதமுள்ள அறிவினாவும் ஐயவினாவும் கேட்பவருடைய மனநிலையைப் பொறுத்தவை. திருக்குறளை இயற்றியவர் யார் என்று ஆசிரியர் கேட்டால் அறிவினா. அதையே மாணவர் கேட்டால் அறியா வினா. ஆறு வகைகளில் ஒன்றுகூட வாக்கியத்தின் வடிவத்தைக் கொண்டு பிரிக்கப்பட்டதல்ல. எல்லாமே கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்பதை வைத்துப் பிரிக்கப்பட்டவை.

முகம் கோணாமல்

நேராகக் கேட்டுவிடலாமே, ஏன் இத்தனை சுற்று? பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். 1987இல் அது தனி நூலாக வந்தது. அவர்கள் ஒப்பிட்ட மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்ஸிகோவில் பேசப்படும் ட்ஸெல்டால், தமிழ். தமிழ்ச் சான்றுகள் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் திரட்டப்பட்டவை. பேசுபவர் மீது கேட்பவருக்குள்ள அதிகாரம், இருவருக்கும் இடையிலுள்ள தூரம், கேட்கும் காரியத்தின் பாரம் ஆகிய மூன்றும் கூடக்கூடப் பேச்சு சுற்றி வளையும் என்பது அவர்கள் கண்ட விதி. தம்பியிடம் ‘தண்ணி எடுத்துட்டு வா’ போதும். கடன் கேட்க வந்தவர் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் தொடங்கி, மழை பொய்த்ததைத் தொட்டு, காபி முடியும்போதுதான் காரியத்துக்கு வருவார்.

மறுப்பும் அப்படியே. ‘பார்க்கலாம்’ என்ற பதிலைக் கேட்டு நம்பிக்கையோடு காத்திருப்பவர் ஊருக்குப் புதியவராகத்தான் இருக்க வேண்டும். ‘இன்னொரு தோசை?’ என்பதற்குப் ‘பரவாயில்லை’ வந்தால் வேண்டாம் என்று பொருள். காலை மிதித்தவரிடம் சொன்னால் மன்னிப்பு. பரிமாறியவர் ‘சாம்பார் எப்படி?’ என்று கேட்டபிறகு சொன்னால் சண்டைக்கு வழி. ‘நீ’, ‘நீங்க’ என்பதைக்கூட மரியாதைக் குறைவு, நிறைவு என்று இரண்டாகக் கிழித்துவிட முடியாது. பல வீடுகளில் அம்மா ‘நீ’. கோயிலில் கடவுளும் ‘நீ’. போக்குவரத்துக் காவலரிடம் அதே எழுத்து வம்பில் முடியும்.

பேச்சு சிலபோது எந்தச் செய்தியையும் சுமப்பதில்லை. தெருவில் எதிர்ப்படுபவர் ‘சாப்பிட்டாச்சா?’ என்றால் அவர் சோறு போடப்போவதில்லை. ‘ஆச்சு’ என்று சொல்லிவிட்டு நடந்தால் போதும். மானிடவியலாளர் புரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி இத்தகைய பேச்சை டிரோபிரியாண்ட் தீவுகளில் கவனித்தார். உறவு அறுந்துவிடாமல் வைத்திருப்பதே அதன் வேலை என்று 1923இல் எழுதினார். சொல்லின் பொருளைச் சூழ்நிலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்ற கருத்தும் அதே கட்டுரையில் உள்ளது. ஃபர்த் பின்னர் எடுத்து வளர்த்தது அதைத்தான்.

சூழல் அறுபடும்போது

சூழலை நீக்கிவிட்டால் எளிய வாக்கியங்களும் விளங்காமல் போகும். ஜான் பிரான்ஸ்ஃபோர்ட், மார்சியா ஜான்சன் இருவரும் 1972இல், துணி துவைக்கும் முறையைத் ‘துணி’, ‘துவைத்தல்’ என்ற பேச்சே இல்லாமல் விவரிக்கும் ஒரு பத்தியைச் சிலருக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு வாக்கியமும் தெளிவு. மொத்தத்தில் ஒன்றும் புரியவில்லை. தலைப்பை முன்கூட்டியே அறிந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு நினைவில் வைத்திருந்தார்கள். வாசித்து முடித்தபின் தலைப்பைச் சொன்னதில் பயன் ஏதும் இல்லை. பொருள் கேட்கும்போதே கட்டப்படுகிறது. பிறகு வந்து சேரும் சூழல் தாமதமானது.

செல்பேசியில் தட்டி அனுப்பும் ஒற்றை ‘ம்’ இதே சிக்கலைத் தினமும் உண்டாக்குகிறது. நேரில் அந்த ‘ம்’முக்கு முகமும் குரலும் இழுப்பும் உண்டு. திரையில் வந்ததும் சம்மதமா, சலிப்பா, கோபமா என்று பெறுபவர் தன் மனநிலைக்கேற்ப நிரப்பிக்கொள்கிறார். பொம்மை முகங்கள் இவ்வளவு பரவியதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

இயந்திர மொழிபெயர்ப்பு முட்டி நின்றதும் இங்கேதான். 1960இல் யெஹோஷுவா பார்-ஹில்லல், ஒரு சொல்லின் இரு பொருள்களில் எது என்று முடிவு செய்ய உலக அறிவு வேண்டியிருப்பதால், மனித உதவியில்லாத உயர்தர மொழிபெயர்ப்பு இயலாது என்று வாதிட்டார். இன்றைய மொழிக் கணினிகள் சொற்களின் கூட்டாளிகளைப் பெருமளவில் கற்று, அவர் காலத்தில் எண்ணிப் பார்க்காத தூரம் வந்திருக்கின்றன. வினையும் இனமும் அவற்றுக்கு நன்றாகவே பிடிபடுகின்றன. சார்பு எழுத்தில் இருக்கும் அளவுக்கே கிடைக்கிறது. ‘அவர் டாக்டர்’ என்ற இரண்டு சொல்லைப் பாருங்கள். தமிழ் அதில் மரியாதையைச் சொல்லி, ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. ஆங்கிலத்தின் படர்க்கை ஒருமைப் பிரதிப்பெயரோ வழக்கமாக அதைக் கேட்கும், மரியாதையைக் கேட்காது. அந்த விவரம் முந்தைய வாக்கியத்தில் இருக்கலாம், பேசியவர் கை காட்டிய திசையில் இருக்கலாம். அதைப் பார்க்காமல் மொழிபெயர்ப்பவர் மனிதரானாலும் இயந்திரமானாலும் ஊகித்துத்தான் எழுத முடியும்.